பாறையில் அவள், கரையில் நான்

நான் இலங்கையின் மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். வாசலில் நின்றால் எதிரே ஒரு மலை, பின்னால் ஒரு மலை, நடுவே பனி. பள்ளிக்கூடம் போவதென்றாலும் கடைக்குப் போவதென்றாலும் ஏற வேண்டும், இல்லையென்றால் இறங்க வேண்டும். சித்த மருத்துவம் படிக்கத் திருநெல்வேலிக்கு வந்த முதல் மாதங்களில் சாப்பாடு பழகிவிட்டது, வெயில்கூடப் பழகிவிட்டது. தரை இப்படி மட்டமாகக் கிடப்பதுதான் பழகவே இல்லை. விடுதி மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகும்போதெல்லாம் மேற்கே பார்ப்பேன். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலங்களில் அடிவானத்தில் நீலமாக ஒரு கோடு தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு ஈரத் துணியோடு நிற்பேன்.

"என்னட்டி, மலையப் பாத்து அழுதுக்கிட்டு நிக்குத?" என்று ஒரு நாள் பின்னாலிருந்து குரல் வந்தது. என் அறைத்தோழி.

"அழ இல்ல. சும்மா பார்க்கிறேன்."

"அது எங்க ஊரு மலைதான். சாரல் தொடங்கட்டும், கூட்டிட்டுப் போறேன்."

அவள் தென்காசிக்காரி. வாப்பா வளைகுடாவில் வேலை பார்த்தார்; வீட்டில் உம்மாவும் அவளும் மட்டும். சத்தமாகப் பேசுவாள், அதைவிடச் சத்தமாகச் சிரிப்பாள். விடுதியில் என் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் திரும்பிப் பார்த்தபோது, முதல் நாளே என் தட்டுக்குப் பக்கத்தில் தன் தட்டை வைத்து உட்கார்ந்தவள் அவள்தான்.

வெளிநாட்டு மாணவர்களுக்கு வந்த புதிதிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். போலீஸ், வழக்கு என்று எதிலும் பெயர் வந்துவிடக் கூடாது. வந்தால் விசாவுக்குச் சிக்கல். விசா போனால் படிப்பு போச்சு. எங்கள் தோட்டத்திலிருந்து டாக்டருக்குப் படிக்கக் கடல் தாண்டிய முதல் பிள்ளை நான். அதனால் எதற்கும் பயந்தேன். சாலையைக் கடக்கும்போதுகூடப் போலீஸ்காரர் நின்றால் அவர் போகட்டும் என்று காத்திருப்பேன்.

அந்த வருடம் சாரல் ஆனியிலேயே நன்றாகப் பிடித்துக்கொண்டது. விடுதியில் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். ஆலங்குளம் தாண்டியதும் காற்றாலைகள். பாவூர்சத்திரத்தில் மார்க்கெட் முடிந்து திரும்புகிறவர்கள் வெறும் கோணிச் சாக்குகளோடு ஏறிப் பேருந்தை நிறைத்தார்கள். அந்த நெரிசலில் ஒருவர் தோளுக்கும் இன்னொருவர் தலைக்கும் நடுவே, கண்ணாடிக்கு வெளியே, மலை திடீரென்று பக்கத்தில் வந்து நின்றது. உச்சி தெரியவில்லை, மேகம் மூடியிருந்தது. குனிந்து குனிந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் அவள் உம்மா இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக் கை நீட்டிச் சொன்னார். "அருவியில குளிச்சமா, வந்தமான்னு இருக்கணும். மேல கீலன்னு எங்கயும் ஏறப்பிடாது. மத்தியானம் சோறாக்கி வச்சிருப்பேன், கேட்டியளா?"

"சரிம்மா சரிம்மா" என்று அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

குற்றாலத்தில் அன்று கூட்டம் சொல்லி முடியாது. பேரருவிக்குப் போகும் வழியெல்லாம் ஈரத் தலைகள், எண்ணெய் வாசனை, சிப்ஸ் வறுக்கிற புகை. பெண்கள் பக்கத்தில் வரிசை வளைந்து வளைந்து போனது. போலீஸ் விசில் அடித்து ஆட்களை உள்ளே விடுவதும் வெளியே இழுப்பதுமாக இருந்தது. சிறிது நேரம் நின்றோம்.

"இந்தக் கூட்டத்துல என்னத்தக் குளிக்க. சவத்த விடு" என்றாள். "எங்க மாமா ஒரு பழத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்காவ. அங்கன போவோம் வா. மங்குஸ்தான் பழுத்துக் கிடக்கும்."

ஆட்டோவில் கொஞ்ச தூரம், பிறகு நடை. தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேலையாட்கள் யாருமில்லை. மங்குஸ்தான் மரங்களின் கீழே நிழல் பச்சையாக, குளிர்ந்து கிடந்தது. விழுந்த பழங்களைப் பிளந்து தின்றோம். தோல் சாறு பட்டுக் கையில் கறை பிடித்தது. தோட்டம் மேலே ஏறிக்கொண்டே போய் ஓர் ஓடையில் முடிந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் காடு. ஒரு கல்லும், துருப்பிடித்த ஒரு பலகையும் நின்றன. காப்புக்காடு, அனுமதியின்றி நுழைவது குற்றம் என்று எழுதியிருந்தது.

நான் பலகையைப் படித்தபடி நின்றேன்.

"அந்தப் போர்டு நான் பொறக்கதுக்கு முந்தியே அங்கனதான் நிக்கி" என்றாள். "கொஞ்சம் மேல போனா ஒரு குட்டி அருவி இருக்குட்டி. சின்னப்பிள்ளையில வாப்பா கூட்டிட்டுப் போயிருக்காவ. ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம்."

காட்டிலிருந்து ஒரு குளிர்ந்த மண்வாசனை வந்துகொண்டிருந்தது. எங்கள் தோட்டத்துக்கு மேலே இருந்த காட்டின் வாசனை அதேதான். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது, கல்லுக்குக் கல் தாவிப் போய்விட்டோம்.

குட்டி அருவி உண்மையிலேயே இருந்தது. வீட்டுக் கூரை உயரம்தான். அடியில் தெளிவான சிறு குட்டை. இருவரும் உடுப்போடு இறங்கி உட்கார்ந்தோம், தலையில் தண்ணீர் விழுந்தது. அவள் பாடினாள், நான் சிரித்தேன். கடல் தாண்டி வந்த பிறகு நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அப்போதே தோன்றியது. மேலே மலையில் கறுத்திருந்தது. எங்கள் தலைக்கு மேலே வெறும் சாரல்தான்.

திரும்பி ஓடைக்கு வந்தோம். அவள் முன்னால் இறங்கினாள். நான் கரையில் உட்கார்ந்து காலில் ஏறியிருந்த அட்டை ஒன்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவள் நடு ஓடையில், மஞ்சள் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு கல்மேல் கைகளை விரித்து நின்றாள். அப்போதுதான் தண்ணீரின் நிறத்தைக் கவனித்தேன். போகும்போது கண்ணாடி மாதிரி இருந்தது, இப்போது எங்கள் ஊரில் குடிக்கும் பால் கலக்காத சாயத் தண்ணீர் மாதிரி. அதில் சருகுகள் மிதந்து வந்தன. மேலிருந்து பெருங்காற்று மரங்களை உலுக்குவது போல ஒரு சத்தம். காற்று இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை.

அது என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர் ஆற்றில் பார்த்திருக்கிறேன்.

"ஓடு!" என்று கத்தினேன். "அந்தப் பக்கம் ஓடு!"

அவள் ஓடியிருந்தால் தப்பியிருக்கலாம். ஆனால் நான் கத்தியதும், என்ன என்று கேட்கிற முகத்தோடு என் பக்கம் திரும்பினாள். அதற்குள் வந்துவிட்டது. மண்ணும் நுரையும் கிளைகளுமாக ஒரு சுவர் வளைவில் திரும்பி வந்து அவள் இடுப்பில் மோதியது. அவள் விழுந்ததை நான் பார்க்கவில்லை. ஒரு கணம் இருந்தாள், அடுத்த கணம் கல் மட்டும்தான் இருந்தது, பிறகு கல்லும் இல்லை.

கீழே ஓடினேன். வேர்களில் தடுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். சற்றுத் தள்ளி ஓடையின் நடுவே யானை முதுகு போல ஒரு பெரிய பாறை. அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் தொங்கினாள். பாதி உடம்பு தண்ணீரில். எக்கி எக்கி மேலே ஏறினாள். ஏறி முடித்ததும் வாயைத் திறந்தாள். அலறுகிறாள் என்று தெரிந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. வெள்ளத்தின் இரைச்சலில் எதுவுமே கேட்கவில்லை. அவளுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே, கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

எங்களுக்கு நடுவே ஒரு பேருந்தின் நீளம்கூட இருக்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். துப்பட்டாவை முறுக்கி நுனியில் கல் கட்டி வீசினேன். தண்ணீர் அதைப் பறித்துக்கொண்டு போனது. நீண்ட ஒரு கிளையை உடைக்கப் பார்த்தேன், பச்சை மரம், வளைந்ததே தவிர உடையவில்லை. கடைசியில் நானே இறங்கினேன். இரண்டடி வைத்திருப்பேன். தரை என் காலடியிலிருந்து போய்விட்டது. முகத்தில் ஏதோ அடித்தது. கையில் ஒரு வேர் அகப்பட்டதால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கரையில் ஏறிக் குப்புறக் கிடந்து சேறும் மங்குஸ்தானுமாக வாந்தி எடுத்தேன். தலை தூக்கிப் பார்த்தபோது அவள் இரண்டு கைகளையும் ஆட்டி, வராதே வராதே என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

கைபேசி என் தோள்பையில் இருந்தது. திறந்தேன். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. அவசர எண்ணை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். பிறகு திரைக்குள் தண்ணீர் ஏறி அது அணைந்துபோனது.

மனிதர்கள் இருக்கிற பக்கம் ஓடைக்கு அப்பால். நான் நின்றது காட்டுப் பக்கம். இந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். வனத்துறைக்காரர்கள் இருப்பார்கள். செண்பகாதேவி கோயிலுக்குப் போகிற பாதை கீழே எங்கோ இருக்கிறது, அங்கே காவலுக்கு ஆள் இருக்கும் என்று அவளே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள்.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பாறையில் அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழே பச்சையாக ஒரு பாசித் திட்டு இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மூழ்கியது.

நான் என்னைத் தொட்டு, கீழே கை காட்டி, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து ஆளைக் கூப்பிடுவது போலக் காட்டினேன். போய் ஆள் கூட்டி வருகிறேன். அவள் தலையசைத்தாள். அசைத்தாள் என்றுதான் நினைத்தேன். திரும்பி நடக்கத் தொடங்கி, மரங்களுக்குள் நுழையும் முன் ஒரு தடவை பார்த்தேன். அவள் வலது கையை உயர்த்தி ஆட்டினாள். போ என்கிறாளா, போகாதே என்கிறாளா? முகம் தெரியவில்லை. நுரையும் சாரலும் மறைத்தன. நான் போனேன்.

ஓடையை ஒட்டியே இறங்க முடியாது. இந்த மலையில் எந்தத் தண்ணீரும் கடைசியில் ஒரு செங்குத்தில்தான் போய் விழும். அதனால் இரைச்சல் இடது காதில் தேய்ந்து கேட்கும்படி விலகி விலகி இறங்கினேன். பாதை என்று எதுவும் இல்லை. பிரம்பு முட்கள் சட்டையைப் பிடித்தன. செருப்பு எப்போதோ போய்விட்டது. அட்டைகள் காலில் ஏறியதை உணர்ந்தேன், பிடுங்க நிற்கவில்லை. சாரல் மழையாகி, மழையோடு மேகமும் இறங்கி, பத்தடிக்கு அப்பால் மரங்கள் வெறும் நிழல்களாகிவிட்டன. ஓரிடத்தில் காலில் வெதுவெதுப்பாக ஏதோ மிதிபட்டது. குனிந்து பார்த்தேன். யானைச் சாணம். சூடு ஆறவில்லை.

அங்கே நின்று அழுதேன். சத்தம் வரக் கூடாது என்று கையைக் கடித்துக்கொண்டு அழுதேன். இரைச்சல் எந்தக் காதில் கேட்கிறது என்றே குழம்பிவிட்டது. நான் கீழே இறங்குகிறேனா, குறுக்கே போய்க்கொண்டிருக்கிறேனா? தொலைந்துவிட்டேன் என்றால் நான் மட்டும் தொலையவில்லை. அவள் அந்தப் பாறையில் இருப்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். "அம்மா, எனக்கு ஏலாது, எனக்கு ஏலாது" என்று தேயிலைக் கூடையோடு எங்கோ நின்றிருக்கக்கூடிய என் அம்மாவிடம் முணுமுணுத்துக்கொண்டே, உட்கார்ந்தும் சறுக்கியும் இறங்கினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு திருப்பத்தில் காலுக்கடியில் சிமெண்டுப் படி தட்டுப்பட்டது. படி, அதற்கு ஒரு கைப்பிடிக் கம்பி. சற்றுத் தள்ளித் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதற்குள் காக்கிச் சட்டை போட்ட இரண்டு பேர், அடுப்பில் பால் விடாத கட்டன்சாயா கொதித்துக்கொண்டிருந்தது.

அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காக்கியைப் பார்த்ததும் உடம்பு தானாக நின்றுவிட்டது. அந்தப் படியிலேயே இறங்கிப் போனால் அருவி, கூட்டம், கடைகள். அங்கே யாரிடமாவது சொல்லிவிட்டுக் கூட்டத்தில் மறைந்துவிடலாம். வெளிநாட்டுக்காரி, காப்புக்காடு, குற்றம் என்று பலகையில் படித்த எழுத்துகள் கண்முன்னால் ஓடின. என் அப்பாவின் முகம் வந்தது. ஒரு மூச்சோ இரண்டு மூச்சோ அப்படி நின்றேன். பிறகு அந்தப் பாசித் திட்டு தண்ணீருக்குள் போனது நினைவுக்கு வந்தது.

"அண்ணாச்சி!" என்று கத்தினேன். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. படியில் விழுந்து தவழ்ந்து போய்க் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்தேன். "அண்ணாச்சி, என் கூட்டாளி ஆத்துல மாட்டிக்கிட்டா. கால் உடைஞ்சி போச்சு. தண்ணி ஏறுது."

மூத்தவர் கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "எங்கனம்மா? எந்தப் பக்கமா வந்தீய?"

சொன்னேன். பழத்தோட்டம், ஓடை, பெரிய பாறை. அவர் முகம் மாறியது.

"அந்த ஓடையிலயா! மேல வெடிச்சுப் பெய்யுதுன்னு இப்பதான் அருவியில குளிக்கவங்கள எல்லாம் வெளியேத்தினாவ." இளையவரிடம் திரும்பினார். "ஏலே, வாக்கி டாக்கிய எடு. தீயணைப்புக்குச் சொல்லச் சொல்லு. தோட்டத்துப் பக்கமா வரச் சொல்லு, கயிறோட." பிறகு என்னிடம், "நீ இங்கனயே இரி தாயி. நாங்க பாத்துக்கிடுதோம்."

"நானும் வாறேன். இடம் எனக்குத்தான் தெரியும்."

அவர் என் கால்களைப் பார்த்தார். கணுக்கால் வரை ரத்தம், அட்டைகள் புளியங்கொட்டை போலத் தொங்கின. ஒரு பிடி உப்பை எடுத்து என் காலில் தேய்த்துவிட்டு, "நட" என்றார்.

அவர்களுக்கு வேறு வழி தெரிந்திருந்தது. நான் இறங்கிய அளவு கஷ்டம் இல்லை. ஆனாலும் மூத்தவருக்கு மூச்சு வாங்கியது, எனக்கோ அவர் போகிற வேகம் போதவில்லை. அண்ணாச்சி, சீக்கிரம் அண்ணாச்சி என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் ஒரு தடவைகூட எரிந்து விழவில்லை.

ஓடைக்கு வந்தோம். பாறை இல்லை.

பாறை இருந்த இடத்தில் தண்ணீர் ஒரு மேடு போல உப்பி, அதன் பின்னால் பள்ளமாகச் சுழித்து ஓடியது. நடுவே அவள் இல்லை. அவளுடைய மஞ்சள் துப்பட்டாவும் இல்லை. இடம் தப்பாக வந்துவிட்டோம் என்று சொன்னேன். இது இல்லை, வேறு இடம், இன்னும் மேலே என்று சொன்னேன். இளையவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் உடைக்கப் பார்த்து வளைந்துபோன கிளை பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இடம் இதுதான்.

நான் அலறவில்லை. உட்கார்ந்துவிட்டேன். மஞ்சளை, பச்சையை, எதையுமே பார்க்கக் கூடாது என்று முழங்காலுக்குள் தலையைப் புதைத்தேன். அவள் உம்மா சோறு ஆக்கி வைத்திருப்பார். நான் போய் என்ன சொல்வது?

அப்போது மூத்தவர் கத்தினார். "ஏலே, அங்கன பாரு! அந்த மருத மரத்து வேரைப் பாரு!"

பாறைக்குக் கீழே, எதிர்க்கரையை ஒட்டி, ஒரு பெரிய மரம் வெள்ளத்துக்குள் சாய்ந்து நின்றது. அதன் வேர்களுக்கு நடுவே மஞ்சளாக ஏதோ. அது துணி மட்டும்தானா, அதற்குள் ஆள் இருக்கிறதா என்று எங்கள் கரையிலிருந்து தெரியவில்லை. மூத்தவர் விசிலை வாயில் வைத்து ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். மஞ்சள் அசைந்தது. தண்ணீர் அசைக்கிறதா? மறுபடி ஊதினார். வேர்களுக்கு நடுவிலிருந்து ஒரு கை வெளியே வந்து, விரல்கள் விரிந்து, மடங்கின.

எதிர்க்கரையில் தோட்டத்து மரங்களுக்கிடையே தீயணைப்பு ஆட்கள் வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து மூத்தவர் கை காட்டக் காட்ட, அவர்கள் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள். முதல் தடவை தண்ணீர் அவரைத் தூக்கி மரத்தில் அடித்தது, இழுத்துக் கரையில் போட்டார்கள். எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி இறங்கினார். அவர் முகம் எனக்கு இப்போது நினைவில்லை. அவர் துடைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. இரண்டாவது தடவை அவர் வேரைப் பிடித்தார். அவளை மார்போடு கட்டி இழுத்து ஏற்றும்போது அவள் தலை துணிப்பொம்மையின் தலை போலப் பின்னால் தொங்கியது. கரையில் கிடத்தி நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். எனக்குக் காக்கி முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன. யாரோ ஒருவர் எழுந்து எங்களைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டிய பிறகுதான் பக்கத்தில் நின்ற மூத்தவர் தலைத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

தென்காசி ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் உம்மா நின்றார். என்னை வனத்துறை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அவளத் தனியா விட்டுட்டு வந்தியாட்டி நீ?"

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். உள்ளேயிருந்து அவள் அலறும் சத்தம் கேட்டது, காலை நேராக்கிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அலறலுக்கும் உம்மாவின் தோள்கள் குலுங்கின. நான் கிட்டே போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் வனத்துறை அதிகாரி வந்தார். குரலில் கோபம் இருந்தது, ஆனால் நாற்காலியை எனக்குத்தான் இழுத்துப் போட்டார். "ரெண்டு பேரும் தப்பிச்சது யார் செஞ்ச புண்ணியமோ. பேரு சொல்லும்மா. எந்த ஊரு?"

நான் வாயைத் திறக்கும் முன் உம்மா சுவரிலிருந்து திரும்பினார். "நம்ம வீட்டுப் பிள்ளதான் சார். தென்காசிதான். எம் தங்கச்சி மவ."

அதிகாரி என்னைப் பார்த்தார். தலையாட்டினால் போதும். என் படிப்பு, என் அப்பாவின் முகம், எல்லாம் அந்த ஒரு தலையாட்டலில் இருந்தது. ஆனால் அன்று அவ்வளவு நடந்த பிறகு ஒரு பொய்யைத் தூக்கிச் சுமக்க உடம்பில் தெம்பு இல்லை.

"நான் சிலோன், சார்" என்றேன். "இங்க படிக்கிறேன்."

உம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் அந்தக் காட்டைவிடக் கொடுமையாக இருந்தன. கல்லூரியில் விசாரித்தார்கள். போலீஸ் நிலையங்கள் எல்லாவற்றுக்கும் என்னைப் பற்றிச் செய்தி போயிருக்கும் என்று நம்பினேன். கைபேசி அடித்தால் எடுக்கப் பயந்தேன். பெட்டியை அடுக்கி வைத்துக்கொண்டு தூங்கினேன். அம்மாவிடம் பேசும்போது மழை எப்படி, கொழுந்து எப்படி என்று மட்டும் கேட்டேன். ஒரு நாள் கல்லூரி முதல்வர் கூப்பிட்டனுப்பினார். போகும்போது படிக்கட்டில் கால் தடுக்கியது. எச்சரித்து விட்டுவிடுவதாக வனத்துறை எழுதியிருக்கிறது, வருடம் முடியும் வரை வார இறுதிகளில் விடுதியை விட்டு வெளியே போக அனுமதி இல்லை என்றார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

அவள் காலில் தகடு வைத்துத் தைத்தார்கள். அந்த வருடம் முழுக்க அவள் கல்லூரிக்கு வரவில்லை. வருடம் முடிந்து அனுமதி கிடைத்த முதல் ஞாயிற்றுக்கிழமையே தென்காசிக்குப் போனேன். உம்மா கதவைத் திறந்து, "உள்ள வா. சாப்பிட்டியா?" என்றார். பிறகு சமையலறைக்குள் போய்க்கொண்டே, "நான் ஒன்னக் காப்பாத்தப் பாத்தேன். நீ சிலோன்னு வாயத் தொறந்துட்ட" என்று பாத்திரங்களிடம் சொன்னார்.

அவள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். தண்ணீர் ஏறி ஏறிக் கழுத்துக்கு வந்தபோது தானாகவே பாறையை விட்டதாகவும், எப்படியும் போகத்தான் போகிறோம் என்று கண்ணை மூடிக்கொண்டதாகவும், மரத்தில் மோதித்தான் நின்றதாகவும் சொன்னாள். நான் வெகுநாளாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். நான் மரங்களுக்குள் போகும்போது கையை உயர்த்தினாயே, என்ன சொன்னாய்?

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"போகாதன்னுதாம்ட்டி சொன்னேன்."

உம்மா உள்ளே தேங்காய் துருவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீ போயிருக்காட்டா நான் இல்ல. அது தெரியும்" என்றாள் பிறகு. "ஆனா அன்னைக்கு நான் சொன்னது அதுதான். நீ கேட்ட, அதான் சொல்லுதேன்."

அவள் கல்லூரிக்குத் திரும்பினாள், எனக்கு ஒரு வருடம் ஜூனியராக. ஒரே அறையில்தான் இருந்தோம். மழை பெய்யும் இரவுகளில் இருவருமே விழித்துக் கிடப்போம். விழித்துக் கிடக்கிறோம் என்று இருவருக்கும் தெரியும். ஒருவரையொருவர் கூப்பிட மாட்டோம்.

அடுத்த சாரலுக்கு அவள் உம்மாதான் எங்களைப் பழைய குற்றாலத்துக்குக் கூட்டிப் போனார். பெண்கள் பக்கம் வரிசை நகர்ந்தது. எங்கள் முறை வந்ததும் அவள் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, காலை மெல்ல மெல்ல ஊன்றித் தண்ணீருக்குள் போய்விட்டாள். அவள் பின்னாலேயே உம்மா போனார். நான் போகவில்லை. மூன்று பேரின் உலர்ந்த துணிகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவள் தலை நுரைக்குள் மறைவதையும் வெளியே வருவதையும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.